பெர்த்துக்கு அஞ்சரை மணி நேரம்

அந்தப் படம் வந்தபோது கேரன் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்தின் டிக்கெட் முகப்பில் உட்கார்ந்து, பட்டர்வொர்த் போகும் ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். மேசை மேல் கைப்பேசி அதிர்ந்தது. அனுப்பியவன் கேஎல் எனும் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் இருக்கும் அத்தை மகன் ராட்னி. ஒரு கல்யாண மண்டபம், பூ வளைவு, அதன் கீழே கோட் போட்டு வயிறு தள்ளி நிற்கும் ஒரு ஆள். படத்துக்கு அடியில் ராட்னி எழுதியிருந்தான்: "கால்வின் அண்ணே நல்லா குண்டாயிட்டாரு லா. ஈப்போவுல நீ நல்லா ஆக்கிப் போட்டியாக்கா?"

கால்வின் அவளுடைய ஒரே அண்ணன். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் குடியேறி வருஷக்கணக்காகிறது. ஈப்போவுக்கு அவன் கடைசியாக வந்து எட்டு வருஷம். கிள்ளானுக்கு வந்திருக்கிறான் என்பதே அவளுக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பட்டர்வொர்த் குடும்பத்தை அனுப்பிவிட்டு, பக்கத்து முகப்புப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ்கள் நிற்கும் பின்பக்கத்துக்குப் போனாள். எஞ்சின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ராட்னிக்குப் போன் அடித்தாள்.

"எப்ப வந்தாரு?"

"வெள்ளிக்கிழமை வந்தாங்க, ஞாயித்துக்கிழமை போயிட்டாங்க. ஷெரில் அண்ணியோட தங்கச்சி மகன் கல்யாணம்லா. ஏன்க்கா, அங்க வரலியா?"

"வரல."

"ஐயோ. நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றான் ராட்னி.

கேரன் திரும்பி வந்து உட்கார்ந்தாள். விமான நிலையத்துக்குப் போய் வருகிற பஸ்ஸுக்கு அவள்தான் தினமும் டிக்கெட் விற்கிறாள். பெட்டி தள்ளிக்கொண்டு லண்டனிலிருந்து, துபாயிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிற முகங்களை அவள்தான் பார்க்கிறாள். தூக்கக் கலக்கத்தோடு, "அக்கா, செமோருக்கு கிராப் டாக்சி கிடைக்குமா?" என்று கேட்கிற பிள்ளைகள். அவர்களெல்லாம் வீட்டுக்குப் போகிறார்கள். இவன் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, கடைசி இருநூறு கிலோமீட்டரைத் தாண்ட மனமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறான். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சில்லறை தப்புத் தப்பாகப் போனது.

எட்டு வருஷத்தில் முதல் பகுதிக்குக் காரணம் இருந்தது, கேரன் அதை ஒத்துக்கொள்வாள். அம்மா இருதயமேரி கோவிட் காலத்தில் இறந்தபோது எல்லாக் கதவும் மூடிக் கிடந்தது. கால்வின் கைப்பேசித் திரையில் அடக்கத்தைப் பார்த்து அழுதான். அதற்கு யாரைக் குற்றம் சொல்ல? ஆனால் கதவு திறந்து, விமானமெல்லாம் நிறைந்து ஓட ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா லூயிஸ் குளியலறையில் விழுந்ததும், வலது கையும் காலும் விளங்காமல் போனதும், பேச்சு குழறிப் போனதும் அதற்குப் பிறகுதான்.

லூயிஸ் செமோருக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்ததும் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுக் கிளம்பி, செமோரில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தார்கள். கால்வின் படித்தான், போனான். கேரனுக்கு இரண்டு முறை வரன் வந்தது, இரண்டு முறையும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்படியே நாற்பத்தேழு வயதாகிவிட்டது. "உனக்கென்ன, புருஷனா பிள்ளையா, அப்பாவைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்" என்று கோயிலில் பெண்கள் சொல்வார்கள். பூசை முடிந்து வந்து, அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி முடிக்கையில் அந்த நிம்மதி என்கிற வார்த்தை அவள் பல்லிடுக்கில் மணல் மாதிரி நெறிபடும். வேலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் கேரன்தான்.

கால்வின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். அதைச் சொல்லத்தான் வேண்டும். "அப்பா, நல்லா இருக்கீங்களா? இங்கேயும் அங்கேயும் ஒரே மணிப்பா. கடிகாரத்தக்கூட மாத்த வேணாம். அஞ்சரை மணி நேரம்தான், நெனச்சா வந்து நிப்பேன்," என்பான். ஒருமுறை, இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரத்தையும் நேரத்தையும் காட்டுகிற ஏதோ ஒரு தளத்திலிருந்து படம் எடுத்து அனுப்பியிருந்தான். கடல் மேல் வளைந்து ஒரு கோடு, நடுவில் அந்த நேரம். அப்பா அதைச் செல்லாயிக்குக் காட்டினார், பாதருக்குக் காட்டினார். அந்தக் கோட்டைப் பார்த்தே அவருக்கு வயிறு நிறைந்தது. மகன் மேல் அவருக்குக் கோபம் வந்து கேரன் பார்த்ததில்லை. கஞ்சி ஆறியிருந்தால் அவள் மேல் வரும்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போகாமல், காடியை வாசலில் நிறுத்திக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அண்ணனுக்கு அடித்தாள்.

"கிள்ளானுக்கு வந்தியா?"

"யாரு சொன்னா?"

"வந்தியா, இல்லையா?"

"கேரன், கேளு. ரெண்டே நாள் லீவு. ஷெரில் பக்கத்துக் கல்யாணம், நான் என்ன செய்ய? ஈப்போ வந்துட்டுப் போனா ஒரு நாள் முழுசா போயிடும். ரோட்டுல ஜாம் வேற."

"பெர்த்துலேருந்து வந்துட்ட. கேஎல்லேருந்து இங்க வர உனக்குச் சூசா, அவ்வளவு கஷ்டம்."

"அப்படிச் சொல்லாத லா. அடுத்த தடவ கண்டிப்பா வாரேன். அஞ்சரை மணி நேரம்தானே? இல்லாட்டி நீ அப்பாவ இங்க கூட்டிட்டு வா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ரூம் காலியாத்தான் கெடக்கு. அவருக்கும் ஒரு மாத்தமா இருக்கும்."

கேரன் முன் கண்ணாடி வழியே தன் வீட்டைப் பார்த்தாள். ஹால் ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"கூட்டிட்டு வாரேன்."

கால்வின் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான்.

கோபத்தில் எடுத்த முடிவு ஆறிப்போக ஒரு ராத்திரி போதும் என்பார்கள். கேரனுக்கு ஆறவில்லை. மறுவாரமே அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், விமானத்தில் போகலாம் என்று எழுதி வாங்கினாள். பாஸ்போர்ட் எடுக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியோடு அலைந்தாள். ஆஸ்திரேலியாவுக்கான அனுமதியைக் கைப்பேசியிலேயே வாங்கினாள். ஒவ்வொரு வேலையையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். அப்பாவிடம், "கால்வின் வீட்டுக்குப் போறோம்," என்று மட்டும் சொன்னாள். அவர் முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது. அந்த மாதம் முழுக்க வாசலுக்கு வந்த ஆளையெல்லாம் கூப்பிட்டு, "மகன்... வீடு... ப்ளேன்ல," என்று சொன்னார்.

போகும்போது இரண்டு டிக்கெட், வரும்போது ஒன்று என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும்தான். கால்வினிடம் வருகிற நாளையே அதற்கு முந்தின நாள்தான் சொன்னாள்.

"என்ன கேரன் இது? முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று அவன் பதறினான்.

"ரூம் காலியாத்தானே கெடக்கு?" என்றாள்.

முந்தின நாளே கிள்ளானுக்குப் போய் ராட்னி வீட்டில் தங்கினார்கள். காலையில் அவன் விமான நிலையத்தில் விட்டான். விமானத்தின் வாசலில் அப்பாவை அகலம் குறைந்த ஒரு நாற்காலிக்கு மாற்றி, மார்பிலும் காலிலும் வார் போட்டு இறுக்கி, வரிசைகளுக்கு நடுவே இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டார்கள். மலைப்பாதையில் பால் லாரி ஓட்டிய மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனார்.

கடலுக்கு மேல் வந்த பிறகு அவர் கேரனின் மணிக்கட்டைப் பிடித்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும். டயப்பர் கட்டியிருக்கிறது, பரவாயில்லை என்று அவள் காதோடு சொன்னாள். மாட்டேன் என்று தலையாட்டினார். ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை அவர் செய்ய மாட்டார். பணிப்பெண் அந்த அகலம் குறைந்த நாற்காலியைக் கொண்டு வந்தாள். கழிப்பறைக் கதவு அந்த நாற்காலியை விடக் குறுகல். கதவை மூட முடியாமல், ஒரு போர்வையைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு பணிப்பெண் நிற்க, கேரன் உள்ளே பாதி வெளியே பாதியாக நின்று அப்பாவைத் தாங்கினாள். விமானம் குலுங்கியது. அவர் அவள் மேல் சாய்ந்தார், அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அவள் அங்கேயே துடைத்து, மாற்றி, கைலியை இறுக்கிக் கட்டிவிட்டாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முன் சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு குட்டி விமானம் அந்த வளைந்த கோட்டின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிற மாதிரியே தெரியவில்லை. கேரன் அந்தத் திரையை அணைத்தாள். அஞ்சரை மணி நேரம்தானாம். எவனுக்கு?

பெர்த்தில் கால்வின் வெளியே காத்திருந்தான். வாரம் தவறாமல் வீடியோவில் பார்த்தவன்தான். ஆனால் வீடியோவில் கேரன் எப்போதும் அப்பாவுக்குச் சட்டை மாற்றி, தலை சீவி, மார்புக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டியிருக்கிறாள். மடியில் விழுந்து கிடந்த அந்தக் கையை, வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்த அந்தப் பாதத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். குனிந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, சுற்றி நின்ற ஆட்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதான். அப்பாவும் அழுதார். கேரனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. நல்லா அழு, என்று நினைத்தாள்.

வீடு பெரிய வீடு. பின்னால் புல்வெளி, எலுமிச்சை மரம். காலி அறைக்கு ஷெரில் புதுப் படுக்கை விரித்து வைத்திருந்தாள். ஷெரில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். அப்பாவைப் படுக்கைக்கு மாற்றுகையில் அவள் பிடித்த பிடியிலேயே தொழில் தெரிந்தவள் என்று கேரனுக்குப் புரிந்தது. அன்றிரவு துணி மாற்றுவதைக் காட்டித் தர அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஷெரிலுக்கு இதெல்லாம் தெரியும் கேரன். அவ பார்த்துக்குவா," என்றான் கால்வின், ஹாலிலிருந்து நகராமல்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஷெரில் திரும்பாமலே சொன்னாள்: "நான் பகலெல்லாம் வேலையில அதத்தான் செய்றேன். இது உங்கப்பா."

கேரனுக்கு அண்ணியை அந்த நிமிஷம் முதல்தடவையாகப் பிடித்தது.

கால்வின் அறைக்குள் வந்தான், பார்த்தான், மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டான். அடுத்த இரண்டு நாள் அப்பாவைக் காரில் வைத்து ஆற்றங்கரை, பூங்கா என்று காட்டினான். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாடு முடிந்து அப்பாவைப் படுக்க வைத்த பிறகு கால்வின் கேட்டான்.

"ஆமா, உங்களுக்கு ரிட்டன் எப்ப?"

"எனக்கு நாளைக்கு."

"எனக்குன்னா?"

"எனக்குத்தான். அப்பா இங்க இருப்பாரு."

அவன் புரியாமல் மனைவியைப் பார்த்தான். ஷெரில் எழுந்து தன் பிள்ளைகளை அறைக்கு அனுப்பினாள்.

"விளையாடுறியா நீ? எங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு."

"எனக்கு இல்லையா? நான் என்ன அமான்ஜெயாவுல பஸ்ஸ வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறேனா?"

"உனக்குச் செல்லாயி அக்கா இருக்காங்க. அங்க எல்லாம் சுலபம். இங்க ஆள் வைக்கிறதுன்னா தெரியுமா உனக்கு?"

"தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷமா அவர் பீ மூத்திரம் அள்ளத்தான் தெரியும். அம்மாவுக்கு அள்ளுனேன், இப்ப இவருக்கு. நீ அங்கேருந்து படம் அனுப்புன. கோடு போட்ட படம்! கிள்ளான் வரைக்கும் வந்து பிரியாணி தின்னுட்டு, பெத்தவன் மூஞ்சியப் பார்க்காமத் திரும்பிப் போன பாரு, அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன்."

"சத்தம் போடாத. அப்பா முழிச்சுக்குவாரு."

"முழிக்கட்டும்!"

அப்பா முழித்துத்தான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

மறுநாள் காலை கேரன் பையை எடுத்துக்கொண்டு அவர் முன் வந்து நின்றாள். "அப்பா, ஒரு மாசம் அண்ணன்கிட்ட இருங்க. நான் போயிட்டு வாரேன்." அவர் பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாகப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. மகன் வீடு வந்ததும் மகள் மறந்துபோய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தக் கோபத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

செமோர் வீட்டில் முதல் இரண்டு நாள் அவள் தூங்கினாள். பிறகு தூக்கம் வரவில்லை. ஈப்போவுக்குப் போய் ஒரு படம் பார்த்தாள், பாதியில் எழுந்து வந்தாள். வேலை முடிந்து யாருக்காகவும் ஓட வேண்டியதில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஓய்வு என்றால் என்ன செய்வது என்பதைக்கூட யாரும் அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

கால்வின் தினமும் அடித்தான். முதலில் எந்த மாத்திரை முன்னால், எது பின்னால் என்று கேட்டான். பிறகு குளிப்பாட்டப் போய் அப்பாவும் தானும் வழுக்கி விழப் பார்த்ததைச் சொன்னான். பிறகு அப்பா சாப்பிட மறுக்கிறார் என்றான். வேலையில் லீவு முடிந்துவிட்டது என்றான். ஒருநாள் குரல் உடைந்தே போயிருந்தது.

"முடியல கேரன். ராத்திரி மூணு தடவ எழுந்திரிக்கிறேன். என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரு. நீ வந்து கூட்டிட்டுப் போயிடு. ப்ளீஸ்."

"எதுக்கு நான் வரணும்? அஞ்சரை மணி நேரம்தானே. நீ கூட்டிட்டு வா."

"உனக்கு இரக்கமே இல்லையா?"

"இருந்துச்சு. தீர்ந்துபோச்சு," என்று வைத்துவிட்டாள்.

ஒரு மாசம் என்று சொன்னது இரண்டு வாரம்கூட ஓடவில்லை. கால்வின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கேரன் விமான நிலையத்துக்குப் போகவில்லை. பள்ளி விடுமுறைக் காலம். நெடுஞ்சாலையில் தஞ்சோங் மாலிமிலிருந்து தாப்பா வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வாடகைக் காரில் அப்பாவுக்கு டயப்பர் மாற்ற இடமில்லாமல், தாப்பா ஓய்விடத்தில் காரின் பின்சீட்டைச் சாய்த்து, துண்டைக் கட்டி மறைத்து, கால்வினே மாற்றினானாம். அதை அவன் வந்ததும் வராததுமாக வாசலில் நின்று சொன்னான். ஏதோ பாராட்டு எதிர்பார்த்த மாதிரி இருந்தது. கேரன் அப்பாவின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டு வருஷம் கழித்து வீட்டுக்குள் கால் வைத்தவன் அம்மாவின் படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றான். மறுநாள் கல்லறைக்குப் போய் வந்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"நான் யோசிச்சேன் கேரன். நீ சொன்னது நியாயம்தான். அங்க கொஞ்ச மாசம், இங்க கொஞ்ச மாசம்னு பிரிச்சுக்கலாம். அனுமதி எவ்வளவு நாளைக்குக் குடுக்கிறானோ அவ்வளவு நாள் அங்க."

"வாயால சொல்லிடுவ. ரெண்டு வாரம் வச்சுக்க முடியல உனக்கு."

"அதான் இப்பப் பழகிட்டேன்னு சொல்றேன்ல?"

"மே மாசம் ஷெரிலுக்கு லீவு இல்லம்ப. ஜூன்ல குளிரும்ப. அப்புறம் பிள்ளைங்களுக்குப் பரீட்சைம்ப. எனக்குத் தெரியாதா உன்னைய?"

"அப்ப என்னதான் செய்யணும்ங்கிற? நீயே சொல்லு. எப்பப் பார்த்தாலும் சண்டை!"

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலைக்கு மேல் அது பறந்தது. அப்போதுதான் அப்பா இடது கையை ஓங்கி மேசையைத் துடைத்தார். தட்டு பறந்து சுவரில் அடித்து விழுந்தது. சோறும் ரசமும் தரையெல்லாம் சிதறின.

அப்பாவின் வாய் கோணிக்கொண்டு வார்த்தையைத் தேடியது. முகம் கருஞ்சிவப்பாக ஆனது.

"என்னைய... யாரு... கேட்டீங்க?"

"அப்பா..." என்று எழுந்தாள் கேரன்.

கையை நீட்டி அவளை நிறுத்தினார். "நீ... சொல்லாம... விட்டுட்டு வந்த." மகன் பக்கம் திரும்பினார். "நீ... கிள்ளான் வரைக்கும்... வந்துட்டு... போன." மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரும்... ஒண்ணு."

கேரனுக்கு உச்சந்தலை வரை சுட்டது. அவனும் நானும் ஒன்றா? "ரெண்டு வருஷமா நான்தான்ப்பா பார்த்தேன்! நான் ஒருத்திதான்! அவன் எங்க இருந்தான்?"

"தெரியும்," என்றார் அப்பா. "அதுக்காக... என்னைய... பார்சல்... பண்ணுவியா?"

கேரன் வெளியே போய் இருட்டில் காடிக்குள் உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் குத்தினாள். அண்ணன் மேல் கோபம், அப்பா மேல் கோபம், விமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த மனிதரை அந்தக் கோட்டின் மறுமுனையில் தனியாக விட்டு வந்த தன் மேலும் கோபம். எது யாருக்கு என்று பிரிக்க முடியவில்லை. உள்ளே கால்வின் முட்டி போட்டுத் தரையிலிருந்து சோற்றைக் கூட்டி அள்ளுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

மறுநாள் காலையில் அப்பா இரண்டு பேரையும் கிட்டே விடவில்லை. செல்லாயியின் புருஷன் கார்த்திகேசுவைக் கூப்பிடச் சொல்லி அடம் பிடித்தார். அவர் வந்து, "என்னண்ணே, ரெண்டு பிள்ளை நிக்குது, என்னையக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே குளிப்பாட்டிவிட்டுப் போனார். கால்வின் கிளம்புகிற வரை அதுதான் நடந்தது. கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்தான். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் பேசவும் இல்லை. காருக்குள் ஏறும்போது அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆயுசில் அவனுக்கு அப்பாவிடமிருந்து கிடைத்த முதல் தண்டனை அது.

கேரன் இரண்டு நாள் கழித்து, கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் கோபம் தணியவில்லை, கேள்வி அதட்டல் மாதிரிதான் வந்தது.

"சரி. கேட்கலன்னு சொன்னீங்க. இப்பக் கேக்கிறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவர் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். "அப்பாவு," என்றார்.

அப்பாவு தோட்டத்தில் அவரோடு லாரியில் கூட ஓடியவர், இப்போது ஆயர் தாவாரில் மகள் வீட்டில் இருக்கிறார். கேரன் அவரைப் பற்றி நினைத்துப் பல வருஷம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். எண்பதைத் தாண்டிய அப்பாவு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, இவருக்குப் பேச்சு வராது. ஆனாலும் இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போதோ ஒரு மழைநாளில் லாரி பள்ளத்தில் இறங்கியதற்கு யார் காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

"ப்ளேன்ல போனியாமே! எவ்வளவு நேரம்?" என்று அப்பாவு கத்திக் கேட்டார்.

"அஞ்சரை மணி நேரம் அங்கள்," என்றாள் கேரன்.

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். இடது கையை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்துக் காட்டினார்.

அந்த வருஷம் கிறிஸ்மசுக்குக் கால்வின் தனியாக வந்தான். அப்பாவிடம் முதலில் கேட்டுவிட்டு வந்தான். கேரன் அவன் கையில் டயப்பர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தோழிகளோடு பினாங்குக்குப் போய்விட்டாள், மூன்று நாள் போனையும் எடுக்கவில்லை. ஈஸ்டருக்கும் வருவதாகச் சொன்னான். வரவில்லை. வேலை என்றான். லீவு கிடைக்கவில்லை என்றான்.

கேரன் ஹாலில், அப்பாவுக்கு முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டு அவனைத் திட்டினாள். அவளுக்கு அலுக்கும் வரை திட்டினாள். அப்பா இடது கையை நீட்டிப் போனைக் கேட்டார். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வெகு நேரமாகும். கால்வின் மறுமுனையில் வெட்டாமல் காத்திருந்தான். அப்பாவின் வாய் கோணியது, திறந்தது, மூடியது. கடைசியில், லாரி ஓட்டின காலத்து வசவு ஒன்று வந்து விழுந்தது. அது மட்டும் கொஞ்சமும் குழறாமல் வந்தது.